பாதி போதும்: திரும்பவும் எஃப்.எம்.ஜி.இ. எழுதப் போகிறவர்களுக்கு

300 கேள்வி. 150 சரியாக இருந்தால் பாஸ். தப்பான விடைக்கு மார்க் பிடிக்க மாட்டார்கள். ரேங்க் கிடையாது. கட்-ஆஃப் ஏறாது, இறங்காது. வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம்.

இதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் ரிசல்ட் வந்து, நம் நம்பருக்கு நேரே ‘ஃபெயில்’ என்று பார்த்த பிறகு, அதே நோட்டை அதே மேஜையில் திரும்பப் பிரிக்க வேண்டும் என்னும்போது கை போக மாட்டேன் என்கிறது. “அக்கா, திரும்ப எப்படி உட்கார்றீங்க? எனக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே வாந்தி வருது” என்று போன ரிசல்ட்டுக்குப் பிறகு நிறையப் பேர் மெசேஜ் போட்டிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவதைவிட மொத்தமாக இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நானும் இன்னும் பாஸ் ஆகவில்லை, அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து நாற்காலிக்காரி பேசுகிறாள் என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு

இதைச் சில அப்பா அம்மாக்களும் படிக்கிறார்கள் என்று தெரியும். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். வெளிநாட்டில் மருத்துவம் முடித்து வருகிறவர்கள் இந்தியாவில் வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் இந்தத் தேர்வில் தேற வேண்டும். 2002-இல் ஆரம்பித்தது. தேசியத் தேர்வு வாரியம் நடத்துகிறது. தேறினால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு கிடைக்கும். அப்புறம் இங்கே ஒரு மருத்துவமனையில் சி.ஆர்.ஆர்.ஐ. எனும் பயிற்சிக் காலம். அதை முடித்தால்தான் நிரந்தரப் பதிவு. ஆறு வருஷம் படித்துவிட்டு வந்த பிள்ளை ஏன் இன்னும் ‘டாக்டர்’ போர்டு மாட்டவில்லை என்றால், காரணம் இதுதான்.

2024 டிசம்பர் தேர்வை எழுதியவர்களில் நூற்றுக்கு 30 பேரை ஒட்டித் தேறினார்கள். 2025 ஜூன் தேர்வில் அது 19-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. ஐந்து பேர் போய் உட்கார்ந்தால் நான்கு பேர் வெறுங்கையோடு வருகிறார்கள். உங்கள் பிள்ளை மட்டும் தோற்றுவிட்டதாக நினைத்து ராத்திரி தூங்காமல் இருக்காதீர்கள்.

என் கதை பெரிய கதை இல்லை. தமிழ்நாட்டில் நீட் கட்டாயமான 2017-இல் பிளஸ் டூ முடித்த செட் நான். இங்கே சீட் கிடைக்கவில்லை. நகையை வைத்து, சொந்தத்தில் கடன் வாங்கி, சீனா அனுப்பினார்கள். 2020 ஜனவரியில் சீனப் புத்தாண்டு லீவுக்கு ஆம்பூர் வந்தேன். பின்னாலேயே கொரோனா. சீனா மாணவர் விசாவைத் திரும்பத் திறந்தது 2022 ஆகஸ்டில். அதுவரை வார்டில் நின்று பார்க்க வேண்டியதையெல்லாம், கஸ்பாவில் எங்கள் வீட்டு மாடிப்படியில் சிக்னல் தேடி உட்கார்ந்து போனில் பார்த்தேன். உக்ரைனிலிருந்து 2022 மார்ச்சில் விமானத்தில் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்களின் கதை இதைவிட மோசம்.

வெட்கம்தான் ஆளைக் கொல்கிறது

ஆம்பூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே யாரும் யாருக்கும் அந்நியம் இல்லை. தோல் ஷாப்பில் மாமா, ஷூ கம்பெனியில் அத்தை, பிரியாணிக் கடையில் அப்பாவோடு படித்தவர். வெளிநாடு போய் டாக்டருக்குப் படித்த பெண் என்றால் உமர் ரோடு முழுக்கத் தெரியும். ரேஷன் கடை வரிசையில் நின்றால், “இன்னா கண்ணு, இன்னும் படிச்சிக்கினுதான் கீறியா?” கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், “எந்த ஆஸ்பத்திரிலம்மா கீற?”

கேட்பவர்களிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. பிரஷர் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து காட்ட வீட்டுப் பக்கத்தில் ஒரு டாக்டர் வரப்போகிறாள் என்று காத்திருக்கும் சனம். நமக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும். அப்புறம் ரேஷன் கடைக்குத் தம்பியை அனுப்புவோம். கல்யாணத்துக்கு ‘படிக்கணும்’ என்று சொல்லிவிடுவோம். கூடப் படித்தவர்கள் போன் பண்ணினால் எடுக்க மாட்டோம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன செய்கிறோம்? ‘ஐந்தாவது தடவையில் பாஸ் ஆனவரின் அனுபவம்’ என்று யூடியூபில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஒரு மணி நேரம் ரத்தம் கொதிக்கும். வீடியோ முடிந்ததும் கட்டிலில் விழுவோம்.

இதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொல்கிறார்கள், நாமும் அப்படியே நம்பிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோம்பேறியாக இருந்தால் பாஷை தெரியாத ஊரில் போய் ஆறு வருஷம் தாக்குப்பிடித்திருக்க முடியாது. இது வெட்கம். வெட்கப்படுகிற ஆள் ஒதுங்குவான். ஒதுங்கினால் 19 பாடங்களைத் தனியாளாகச் சுமக்க முடியாது. ஆகவே ஊக்கம் எங்கே கிடைக்கும் என்று தேடுவதைவிட, தனியாக இருப்பதை முதலில் நிறுத்த வேண்டும். நான் சொல்ல வந்ததே இதுதான்.

நீட் விட்டுப்போன பயம்

நம் தலைமுறைக்குத் தேர்வு என்றாலே நீட். அதில் பக்கத்தில் இருப்பவன் ஒரு மார்க் கூட வாங்கினால் நம் சீட் போச்சு. அதனால் நோட்டைக் காட்ட மாட்டோம், நல்ல டெஸ்ட் சீரிஸ் எது என்று வாய் திறக்க மாட்டோம். அந்தப் புத்தியோடேயே எஃப்.எம்.ஜி.இ.க்கும் வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

இங்கே சீட்டே கிடையாது. எழுதுகிற அத்தனை பேரும் 150 எடுத்தால் அத்தனை பேரும் பாஸ். என் தோழி தேறினால் எனக்கு ஒரு நயா பைசா நஷ்டமில்லை. உலகம் முழுக்க உரிமத் தேர்வுகளின் இயல்பே இதுதான். இவரிடம் நோயாளியை ஒப்படைக்கலாமா, கூடாதா என்பதுதான் அவற்றின் கேள்வி. அமெரிக்காவின் யு.எஸ்.எம்.எல்.இ. முதல் கட்டத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட 2022 ஜனவரியிலிருந்து வெறும் பாஸ், ஃபெயில் என்று மாற்றிவிட்டார்கள்.

கணக்கை இன்னொரு விதமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு கேள்விக்கு நான்கு விடை. 100 கேள்விக்குச் சந்தேகமில்லாமல் விடை தெரிந்து, மீதி 200-இல் கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் சராசரியாக 50 விழ வேண்டும். மொத்தம் 150. அப்புறம் ஏன் ஐந்தில் நான்கு பேர் ஃபெயில்? ஏனென்றால் நாம் கண்ணை மூடிக்கொண்டு குத்துவதில்லை. அரைகுறையாகத் தெரிந்ததை வைத்து யோசிக்கிறோம். அரைகுறையாகத் தெரிந்தவன் எதில் விழுவான் என்று கணித்துத்தான் மற்ற மூன்று விடைகளை எழுதுகிறார்கள். ‘எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கே’ என்று இழுக்கும் விடைதான் பெரும்பாலும் தப்பு. அதனால் புதிதாக இன்னொரு வீடியோ கோர்ஸ் வாங்குவதைவிட, ஏற்கெனவே படித்த பாதியை உறுதியாக்குவதில்தான் மார்க் இருக்கிறது.

எங்கே தொடங்குவது என்று மலைப்பவர்களுக்கு: கம்யூனிட்டி மெடிசின் 30, குழந்தை மருத்துவம் 15, கண் 15, காது மூக்கு தொண்டை 15. கூட்டினால் 75, தேவையானதில் சரிபாதி. கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் ஒதுக்கிவைக்கும் பாடங்கள்தான் இவை. மெடிசின் 33, சர்ஜரி 32, மகப்பேறு 30 ஆகியவற்றைப் பயந்துகொண்டே தொடுவதற்கு முன்னால் இவற்றை முடித்துவிட்டால் நெஞ்சுப் படபடப்பு பாதி அடங்கும்.

வேலூரில் 14 பெண்கள்

வாரா வாரம் சி.எம்.சி. மருத்துவமனை வாசலைத் தாண்டிப் போகிறோம். அந்த இடத்துக்கும் நம் பிரச்சினைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்ததும், 1902-இல் மருத்துவமனை கட்டியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1918-இல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார். எம்.பி.பி.எஸ். கிடையாது, எல்.எம்.பி. என்ற உரிமப் படிப்பு. பரீட்சையை அவர் நடத்த முடியாது. சென்னை மாகாணம் முழுவதற்கும் ஒரே பரீட்சை, ஆண்கள் பள்ளிகளோடு சேர்ந்து எழுத வேண்டும்.

பெண்கள் படிக்க வருவார்களா என்பதிலேயே அதிகாரிகளுக்குச் சந்தேகம். வந்தாலும் தேறுவார்களா என்பதில் பெரிய சந்தேகம். முதல் வருஷப் பரீட்சை முடிவு வந்தபோது ஆண்களில் ஐந்துக்கு ஒருவர் தேறியிருந்தார். வேலூரிலிருந்து எழுதிய 14 பெண்களும் தேறியிருந்தார்கள், ஒருவர் பாக்கியில்லாமல்.

ஐந்துக்கு ஒன்று. நம் 2025 ஜூன் கணக்கும் கிட்டத்தட்ட அதே. நூறு வருஷத்துக்கு முன்னாலும் உரிமத் தேர்வு ஆட்களை இப்படித்தான் சலித்திருக்கிறது. அந்த 14 பேரும் அதிமேதாவிகளாக இருந்திருக்க வாய்ப்பில்லை. சேர்ந்து தங்கி, சேர்ந்து படித்த சின்ன வகுப்பு. பள்ளியைத் தொடங்கியவரே பாடமும் எடுத்தார். ஒருத்தி பின்தங்கினால் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும் அளவுக்குச் சின்ன வகுப்பு.

கதை அதோடு முடியவில்லை. 1930-களின் இறுதியில் அரசு எல்.எம்.பி. படிப்பையே மூடிவிட்டது. இனி எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தினால்தான் பள்ளி நடத்தலாம் என்றார்கள். பள்ளிக்கூடத்துக்கே மறுதேர்வு வந்துவிட்டது. ஐடா எழுபது வயதில் அமெரிக்கா போய்ப் பணம் திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது. 1947-இல் ஆண்களையும் சேர்த்தார்கள். எழுபது வயதில் அவர் செய்ததைப் பார்த்தால், 26 வயதில் ‘எல்லாம் முடிஞ்சு போச்சு’ என்று நாம் பேசுவது கொஞ்சம் ஓவர்.

நாங்கள் மூன்று பேர்

இப்போது எங்கள் குழு. நான், பிலிப்பைன்ஸில் படித்த வாணியம்பாடிப் பெண், உக்ரைனிலிருந்து பாதியில் வந்து வேறு நாட்டில் முடித்த பேரணாம்பட்டுப் பையன். சொல்லப்போனால் மூன்று பேருக்கும் பொதுவாக இருப்பது ஃபெயில் ஆனது மட்டும்தான்.

ராத்திரி எட்டு மணிக்கு போனில் சேருவோம். ஒருவர் அன்றைக்குப் படித்த ஒரு தலைப்பை மற்ற இருவருக்கும் சொல்ல வேண்டும். புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. தமிழில் சொல்ல வேண்டும், வீட்டில் பேசுகிற மாதிரி. ‘நெஃப்ரோடிக் சிண்ட்ரோம்ல முகம் ஏன் காலையில வீங்குது, சாயங்காலம் ஏன் காலுக்கு எறங்குது?’ என்று ஒருவர் கேட்டால் மற்றவர் திணறுவார். திணறும் இடம்தான் அரைகுறை இடம். அதை மறுநாள் அவரே படித்து வந்து சொல்ல வேண்டும். அப்புறம் பழைய கேள்விகளை ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம் என்று போடுவோம். பரீட்சையிலும் அவ்வளவுதான் நேரம், 150 நிமிஷத்தில் 150 கேள்வி.

மார்க்கைப் பகிர்ந்துகொள்கிறோம். ஆரம்பத்தில் அதுதான் கஷ்டமாக இருந்தது. மாதிரித் தேர்வில் 118 என்று சொல்ல வாய் வராது. எதிர்ப்பக்கத்திலிருந்து 109 என்று குரல் வந்ததும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு வெட்கம் பாதி போயிற்று.

முக்கியமான விதி ஒன்று: யாரும் யாருக்கும் ‘உன்னால முடியும்’ என்று சொல்லக் கூடாது. அது வாணியம்பாடிக்காரியின் யோசனை. “அதைக் கேட்டாலே எனக்கு அழுகை வருது, அதுக்குப் பதிலா ஒரு கேள்வி கேளு” என்றாள்.

நம் ஊரே சிலபஸ்

நோட்டைத் திறக்க மனசு வராத நாளில் நான் செய்வது இது: தோல் ஷாப்பையும் ஷூ கம்பெனியையும் சிலபஸில் தேடுவேன். தேடினால் வந்துகொண்டே இருக்கும்.

பயோகெமிஸ்ட்ரியில் காம்ப்ளக்ஸ் 4-ஐ முடக்கும் பொருள்கள் என்று ஒரு பட்டியல்: சயனைடு, கார்பன் மோனாக்சைடு, அசைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. எத்தனை தடவை படித்தாலும் கடைசிப் பெயர் எனக்கு நழுவிக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. தோலிலிருந்து முடி எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவார்கள். அந்தக் கழிவு தொட்டியில் அமிலக் கழிவோடு சேர்ந்தால் கிளம்பும் வாயு அதுதான். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பித் தொட்டிக்குள் இறங்குபவர் அப்படியே சுருண்டு விழுவார். தூக்கிவிடக் குனிந்தவரும் பின்னாலேயே விழுவார். ‘தோல் தொழிற்சாலைத் தொட்டியில் விஷவாயு’ என்று நம் பக்கத்துச் செய்தியை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! செல்லுக்குள் ஆக்சிஜன் இருந்தும் அதை உபயோகிக்க முடியாமல் போவதுதான் அந்தச் சாவு. சயனைடுக்குக் கொடுக்கும் நைட்ரைட்டை இதற்கும் கொடுப்பது ஏன் என்பதும் அதிலேயே புரிந்துவிடும். அந்த விடை இனி எனக்கு மறக்காது. மறந்தால் நான் இந்த ஊர்க்காரியே இல்லை.

அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், ஒட்டும் வேலை. வீட்டுக்கு வரும்போது புடவையில் சொல்யூஷன் வாடை இருக்கும். ஒட்டுப் பசையில் என்-ஹெக்சேன் இருந்தால் கை கால் நரம்பு கெடும், விரல் நுனியிலிருந்து மரத்துக்கொண்டு வரும். பென்சீன் இருந்தால் எலும்பு மஜ்ஜை கெடும். 1970-களில் இஸ்தான்புல் ஷூ தொழிலாளர்களிடம் ரத்தப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததை அக்சோய் என்ற துருக்கி மருத்துவர் எடுத்துக் காட்டினார். பாடப் புத்தகங்களில் பென்சீன் அவ்வளவு அழுத்தமாக எழுதப்பட்டிருப்பதில் அவருக்கும் பங்குண்டு. அதைப் படித்த அன்றைக்கு அம்மாவின் விரல் நுனிகளை ஊசியால் மெல்லத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். “இன்னாடி பண்ற, கூசுது” என்றார். கூசியது நல்ல சேதி. உணர்ச்சி சரியாக இருக்கிறது. ஒரு சென்சரி எக்ஸாமினேஷன் செய்து முடித்தாயிற்று.

குரோமியம் தொட்டால் தோலில் வரும் அரிப்பு, ஆறு இணைதிறன் கொண்ட குரோமியப் புகை மூக்கின் நடுத்தண்டில் போடும் ஓட்டை, பச்சைத் தோலைக் கையாள்பவருக்கு வரும் ஆந்த்ராக்ஸின் வலியில்லாத கறுப்புப் புண் என்று தோலிலிருந்து தொடங்கினால் டெர்மட்டாலஜி, ஈ.என்.டி., மைக்ரோபயாலஜி மூன்றையும் தொட்டுவிடலாம்.

ஷூவிலிருந்தும் ஒன்று. தொழுநோயில் பாதம் மரத்துவிட்டால் ஆணி குத்தினாலும் தெரியாது. ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து விழுந்து புண்ணாகும். 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்டு, மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையால் பேர் வாங்கியவர். அவருடைய குழு காலையும் விட்டுவைக்கவில்லை. மெத்தென்ற நுண்துளை ரப்பரை அடியில் வைத்த செருப்பை, எம்.சி.ஆர். செருப்பு என்று நாம் படிக்கிறோமே அதை, இங்கேதான் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொழுநோய்க்கென்று கரிகிரி ஆஸ்பத்திரி 1955-இல் வந்தது. இப்போது சர்க்கரை நோயாளிகளின் மரத்த பாதத்துக்கும் அதே எம்.சி.ஆர். செருப்பு. அந்த ரப்பர் துண்டு ஒன்றை அம்மாவிடம் காட்டினேன். கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இது சீக்கிரம் அமுங்காது, பாரம் எல்லாப் பக்கமும் பரவும்” என்றார். பாடப் புத்தகத்தில் ஒரு பாரா எழுதியிருந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

நீங்கள் திருப்பூராக இருந்தால் பஞ்சுத் தூசி, சிவகாசியாக இருந்தால் தீக்காயம், குடியாத்தமாக இருந்தால் பீடித் தூள். உங்கள் ஊர் உங்கள் சிலபஸில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். யாருக்காகப் படிக்கிறோம் என்ற கேள்விக்கு அங்கே ஒரு முகம் தென்படும்.

மனசு சரியில்லாத நாள்

எல்லாம் செய்தும் ஒன்றும் ஓடாத நாள் உண்டு. ஒருநாள் அம்மாவிடம், “இன்னைக்கு மனசு சரியில்ல, படிக்கல” என்றேன். “மனசு சரியில்லன்னு லைன் நிக்குமா?” என்று கேட்டுவிட்டுச் சோறு போட்டார்.

கோபமாக வந்தது. சாப்பிட்டுவிட்டு யோசித்தால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. கம்பெனியில் ஒரு மணிக்கு இத்தனை ஜோடி என்று போர்டில் எழுதியிருப்பார்கள். உடம்பு முடியாதவள் இருந்தால் அவள் முன்னால் அப்பர் குவியும். பக்கத்தில் இருப்பவள் திட்டிக்கொண்டே நான்கை எடுத்துத் தன் பக்கம் போட்டுக்கொள்வாள். மனசு சரியாகும்வரை யாரும் காத்திருப்பதில்லை, யாரையும் அம்போ என்று விடுவதும் இல்லை. எங்கள் எட்டு மணி போனுக்கும் அந்த முறையைக் கொண்டுவந்துவிட்டோம். மனசு சரியில்லாதவர் வந்து சும்மா உட்கார்ந்து கேட்டால் போதும். அவர் சொல்ல வேண்டிய தலைப்பை வேறொருவர் திட்டிக்கொண்டே சொல்லுவார். வராமல் இருப்பதற்கு மட்டும் அனுமதி கிடையாது.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்றால் அது மனசு சரியில்லாத நாள் இல்லை, நோய். நாமே படிக்கிற நோய். 104-க்கோ, மத்திய அரசின் டெலி-மானஸ் 14416-க்கோ போன் பண்ணுங்கள். டாக்டரைப் பாருங்கள். பரீட்சை ஆறு மாதம் கழித்துத் திரும்ப வரும்.

இரண்டு குழிகள்

ஒன்று, ‘நைட் டூட்டிக்கு வாங்க, மாசம் இவ்வளவு தர்றோம்’ என்று கூப்பிடும் சின்ன நர்சிங் ஹோம்கள். கடன் கழுத்தை நெரிக்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் 2019-ஆம் வருஷத்து தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தேர்வில் தேறாமலேயே மாநிலக் கவுன்சில்களில் பதிவு வாங்கியதாக 73 பேர் மீது சி.பி.ஐ. வழக்குப் போட்டு, 2022 டிசம்பரில் நாடெங்கும் சோதனை நடத்தியது. அந்தப் பக்கமே போகாதீர்கள். சம்பாதித்தே ஆக வேண்டுமென்றால் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கலாம். ஃபிசியாலஜி நமக்கும் ஞாபகம் வரும்.

இன்னொன்று, நெக்ஸ்ட் பயம். எஃப்.எம்.ஜி.இ.க்குப் பதிலாக எல்லோருக்கும் பொதுவான நெக்ஸ்ட் வரும் என்று அதே சட்டம் சொல்கிறது. 2023 ஜூலை 28-இல் ஒத்திகைத் தேர்வு என்று அறிவித்துவிட்டு, அந்த மாதமே தள்ளிவைத்தார்கள். அது எப்போது வரும் என்ற வாட்ஸ்அப் விவாதத்தில் நாம் செலவழிக்கும் நேரத்தில் ஃபாரன்சிக் முழுவதையும் முடித்துவிடலாம், 10 மார்க். எந்தத் தேர்வாக மாறினாலும் நாம் படிக்கும் மருத்துவம் மாறாது.

கடைசியாக

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ‘எப்ப முடியும்?’ என்று கேட்காதீர்கள். ‘இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி பிள்ளை சொல்லிவிட்டால் அது பரீட்சையிலும் வரும்.

திரும்ப எழுதப் போகும் உங்களுக்கு: டைம் டேபிள் போட வேண்டாம், புது ஆப் வாங்க வேண்டாம். போன தடவை உங்களோடு எழுதித் தேறாத ஒருவர் பெயர் உங்கள் போனில் இருக்கும். ரிசல்ட்டுக்குப் பிறகு நீங்களும் பேசியிருக்க மாட்டீர்கள், அவரும் பேசியிருக்க மாட்டார். இன்றைக்கே கூப்பிடுங்கள். ஆறுதல் சொல்லிக்கொண்டு நேரத்தை வீணாக்காமல், நாளைக்கு எத்தனை மணிக்கு, எந்தப் பாடம் என்று பேசி முடித்துவிட்டு போனை வையுங்கள். இது பாதி எடுத்தால் போதும் என்கிற தேர்வு, பாரத்தையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.